இருட்டும்வரை வாதாடினால் யாருக்கு லாபம்?

போடி வட்டாரத்து டென்னிஸ் பால் கிரிக்கெட் ரசிகர்களுக்கும், அணித் தலைவர்களுக்கும், போட்டி நடத்தும் கமிட்டி அண்ணன்மாருக்கும்,



உங்கள் போட்டிகளில் ரொம்ப காலமாக ஸ்கோர் எழுதி வருபவன் நான். ஸ்கோரர் ஒவ்வொரு பந்தையும் பார்த்தே ஆக வேண்டும். எந்தப் பக்கத்துக்கும் கை தட்ட முடியாது. அதனால் எந்தப் பந்தில் ஆட்டம் நின்றது, எதற்காக நின்றது, மறுபடி தொடங்க எவ்வளவு நேரம் ஆனது என்பதெல்லாம் என் கண்ணில் படாமல் போகாது. அப்படி நின்றுபோகும் நேரத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

சித்திரை, வைகாசியில் கண்மாய் காய்ந்து காடு காலியானதும் நாம் நோட்டீஸ் அடிக்க ஆரம்பித்துவிடுகிறோம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை, நுழைவுக் கட்டணம், அன்பளிப்பு தந்தவர்களின் பெயர்கள், எல்லாவற்றுக்கும் கீழே தடித்த எழுத்தில் ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’. அந்தக் கடைசி வரியை நம்மில் யாரும் மதிப்பதில்லை. அம்பயர் கையைத் தூக்கியதும் பேட்டிங் டீம் முழுக்க பிட்சுக்குள் வந்துவிடுகிறது. பின்னாலேயே ஊர்க்காரர்கள். பவுண்டரியில் நிற்கும் சின்னப் பையன்கூட இரண்டு கையாலும் ‘டி’ போட்டு ரிவ்யூ கேட்கிறான். ஒருவர் செல்போனை நீட்டுகிறார், இன்னொருவர் “ரீ-பால் போடுங்கடா” என்கிறார். நடுவில் நிற்கும் அம்பயர் பெரும்பாலும் கல்லூரியில் படிக்கும் பையன். யாருடைய குரல் பெரிதோ அந்தப் பக்கம் அவன் சாய்ந்துவிடுகிறான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அத்தனை பேர் நடுவில் தனியாக நிற்கிற அந்த வயதுப் பையன் வேறு என்ன செய்வான்?

“கொஞ்ச நேரம் சத்தம் போட்டா என்ன அண்ணே, எல்லாருக்கும்தானே லேட்டாகுது” என்று கேட்பீர்கள். எல்லாருக்கும் ஆகவில்லை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு அரையிறுதி. சூரியநெல்லிப் பக்கத்து ஏலத்தோட்ட லயத்துப் பையன்கள் ஜீப் பிடித்து வந்திருந்தார்கள். அவர்களுக்கு வேலை இல்லாத நாள் ஞாயிறு ஒன்றுதான். விடியும் முன் கிளம்பி, பூப்பாறை, போடிமெட்டு தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, காலை ஆட்டத்தில் ஜெயித்து, மரத்தடியில் பார்சல் சோறு சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். இரண்டு மணிக்கு அவர்கள் ஆட்டம். அதற்கு முந்தைய ஆட்டத்தின் கடைசி ஓவரில் ஒரு ஃபுல் டாஸ் வந்தது. இடுப்புக்கு மேலேயா கீழேயா, நோபாலா இல்லையா என்று தொடங்கிய பேச்சில் இரண்டு டீமும் கமிட்டியும் ஊர்ப் பெரியவர்களும் கலந்துகொண்டார்கள். முடிவு வந்து, அதற்கு மறுமுடிவும் வந்து, கடைசியில் ரீ-பால் போட்டு முடிக்கும்போது நாலரை தாண்டிவிட்டது.

நம் ஊர் மலைக்குக் கிழக்கே அடிவாரத்தில் இருக்கிறது. நாட்காட்டியில் போட்டிருக்கிற அஸ்தமன நேரம் நமக்குப் பொருந்தாது. சூரியன் அதற்கு முன்பே மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். லயத்துப் பையன்கள் பேட்டிங் முடித்தபோது ஜீப் டிரைவர் ஹாரன் அடிக்கத் தொடங்கியிருந்தார். அவர் அவசரத்தில் தப்பில்லை. சின்னக்கானல் பக்கம் இருட்டில் போகிறவர்களுக்கு யானைப் பயம் என்பது கதை இல்லை. 2023 ஏப்ரலில் அரிக்கொம்பனைப் பிடித்தது அங்கேதான். பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்ட அதே யானை அடுத்த மாதம் கம்பம் தெருவுக்குள் வந்தபோது இந்தப் பக்கத்து நாமே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மிச்ச ஆட்டத்தை அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளலாமா என்று பையன்கள் கேட்டார்கள். கமிட்டி கூடிப் பேசி உள்ளூர் டீமுக்கு வாக் ஓவர் கொடுத்தது. ஸ்கோர் புத்தகத்தில் அதை எழுதியது என் கை. அவர்களின் கேப்டன் என் மேசைக்கு வந்து, “அண்ணே, எங்க மேல என்ன தப்பு?” என்று மட்டும் கேட்டான். இரண்டு டீம் போட்ட சண்டைக்கு மூன்றாவது டீம் தோற்றது என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தால் எங்கேயும் இதே கதைதான். தாமதம் வந்தால் வீடு பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்றும் குறைவதில்லை. மலையேற வேண்டியவன், கடைசிப் பஸ் பிடிக்க வேண்டியவன், திங்கள் விடியற்காலை காய் எடுக்கப் போக வேண்டியவன்தான் விலை கொடுக்கிறான். அம்பயர் தவறாக ஒரு அவுட் கொடுத்தால் ஒரு பேட்ஸ்மேனோடு போகும். ஒரு மணி நேரம் ஆட்டத்தை நிறுத்தினால் ஒரு டீமே வீட்டுக்குப் போகிறது. அந்தத் தீர்ப்பை எந்த அம்பயரும் கொடுக்கவில்லை, அதை எதிர்த்துக் கேட்க வழியும் இல்லை.

தீர்ப்பும் நேரமும் சேர்ந்து ஆட்டத்தைத் தின்பது உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவின் பேஸ்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரமே இல்லாத ஆட்டம் என்று அந்த ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பந்து எறிபவர் தொப்பியைச் சரி செய்வார், அடிப்பவர் கையுறையை அவிழ்த்து மாட்டுவார். 2022இல் ஒரு ஆட்டம் சராசரியாக 3 மணி 4 நிமிடம் ஓடியது. 2023இல் மேஜர் லீக்கில் கடிகாரம் வைத்தார்கள். பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 விநாடிக்குள், ஆள் இருந்தால் 20 விநாடிக்குள் எறிய வேண்டும் என்பது அந்த வருடத்து விதி. தாமதித்தால் எறிபவருக்கு எதிராக ஒரு ‘பால்’. அடிப்பவர் தாமதித்தால் அவருக்கு எதிராக ஒரு ‘ஸ்ட்ரைக்’. பழைய ரசிகர்கள் ஆட்டமே செத்துவிடும் என்றார்கள். அந்த வருடமே சராசரி நேரம் 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கியது. மைதானத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 7 கோடியைத் தாண்டியது.

நேரத்தோடு அவர்கள் நிற்கவில்லை, அம்பயர் விஷயத்துக்கும் வந்தார்கள். ஸ்ட்ரைக்கா பாலா, அதாவது அடிப்பவருக்கு எட்டும் கட்டத்துக்குள் பந்து வந்ததா இல்லையா என்பது அங்கே ஓயாத சண்டை. மொத்தத்தையும் இயந்திரத்திடம் கொடுத்துவிடலாமா, மனிதக் கண்ணே போதுமா என்று பல வருடம் வாதாடி, 2026 பருவத்துக்கு ஒரு நடுவழி எடுத்தார்கள். ஒவ்வொரு பந்துக்கும் அம்பயரே தீர்ப்பு சொல்வார். அதை மறுத்து கேமராவிடம் கேட்க ஒரு டீமுக்கு இரண்டு வாய்ப்பு. கேள்வி சரியாக இருந்தால் வாய்ப்பு கையில் நிற்கும், தப்பென்றால் போய்விடும். எறிபவர், பிடிப்பவர், அடிப்பவர் ஆகிய மூவரில் ஒருவர்தான் கேட்கலாம். உடனே தலையைத் தட்டிக் காட்ட வேண்டும். வெளியே உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர்கூட வாய் திறக்கக் கூடாது.

நம் கிரிக்கெட்டின் டிஆர்எஸ்ஸும் இப்படித்தான். கேப்டனோ பேட்ஸ்மேனோ 15 விநாடிக்குள் கேட்க வேண்டும், வாய்ப்புக்கு வரம்பு உண்டு. கேட்கிற உரிமை இருக்கிறது, ஆனால் அது யாருக்கு, எத்தனை முறை, எவ்வளவு நேரத்துக்குள் என்பது முன்கூட்டியே தீர்மானம். நம் மைதானத்தில் எல்லாருக்கும் உரிமை, எத்தனை முறை வேண்டுமானாலும், சூரியன் இறங்கும் வரை. டிவியில் பார்த்த ‘டி’யை மட்டும் எடுத்துக்கொண்டோம், அதைச் சுற்றியிருந்த கட்டுப்பாட்டை அங்கேயே விட்டுவிட்டோம்.

அம்பயர் சொன்னதே வேதம் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் முத்தையா முரளிதரனுக்கு நடந்ததை மறந்தவனாவேன். அவருடைய தாத்தா தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். பேரன் கண்டியில் பிறந்து சுழற்பந்து வீச வந்தார். 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில், அத்தனை பெரிய கூட்டத்தின் முன், அம்பயர் டாரல் ஹேர் அவர் பந்தை எறிகிறார் என்று 7 முறை நோபால் சொன்னார். நம் பாஷையில் ‘மாங்கா அடிக்கிறான்’. 1999 ஜனவரியில் அடிலெய்டில் அம்பயர் ராஸ் எமர்சன் மறுபடி அதையே சொன்னபோது இலங்கை கேப்டன் அர்ஜுன ரணதுங்க டீமையே பவுண்டரி வரை கூட்டிக்கொண்டு போனார். ஆட்டம் கால் மணி நேரம் போல நின்றது.

பிறகு ஆய்வுக்கூடத்தில் அதிவேகக் கேமராக்களை வைத்து அளந்தார்கள். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராதது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த பல பந்துவீச்சாளர்களின் கையும் வீசும்போது கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. 2005இல் ஐசிசி 15 பாகை வரை நிமிரலாம் என்று எல்லாருக்கும் பொதுவாக வரம்பு வைத்தது. முரளி 800 விக்கெட்டோடு 2010இல் டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்றார். அன்று ரணதுங்க எழுப்பிய குரல் நியாயமானது என்பதே என் எண்ணம். ஆனால் முரளியைக் காப்பாற்றியது மைதானத்தில் போட்ட சத்தம் அல்ல. ஆற அமர உட்கார்ந்து அளந்து எழுதிய விதிதான்.

நமக்கு ஆய்வுக்கூடம் கிடையாது, செல்போன் இருக்கிறது. அது போதும் என்று நினைக்கிறீர்கள். சாதாரணமாகச் செல்போன் விநாடிக்கு 30 படம் எடுக்கும். ரன் ஓடுகிறவன் விநாடிக்கு 6 மீட்டர் ஓடுகிறான் என்று வையுங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அவன் 20 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண், நகர்ந்துவிடுகிறான். நாம் அடித்துக்கொள்வதோ அரை விரல் தூரத்துக்கு. போதாததற்கு, டிவியில் ரன் அவுட் பார்க்கும் கேமரா கிரீஸ் கோட்டுக்கு நேர் பக்கவாட்டில் நிற்கும். நம் வீடியோவை எடுத்தவர் மிட் விக்கெட்டில் கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். அந்தச் சாய்வில் உள்ளே இருக்கிற பேட் வெளியே தெரியும், வெளியே இருக்கிறது உள்ளே தெரியும். கோட்டுக்கு நேரே நிற்கும் லெக் அம்பயரின் கண்ணை நம்பாமல் அந்தப் போனை நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. கேமரா நேர்கோட்டில் ஸ்டாண்டு போட்டு வைக்க முடிகிற கமிட்டி வைக்கட்டும். முடியாவிட்டால் போன் பையில் இருக்கட்டும்.

மாங்கா பந்து விஷயத்துக்கும் ஒரு வழி உண்டு. சந்தேகப்படுகிற டீம் ஆட்டத்துக்கு முன்பே இரண்டு அம்பயரிடமும் சொல்லட்டும், அவர்கள் அந்தப் பையனை ஒரு ஓவர் போடச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு அவன் விக்கெட் எடுத்ததும் கத்துவது நியாயம் கேட்பதில் சேராது.

எல்லாவற்றையும் முன்கூட்டிப் பேசிக்கொள்வது நம் ஊருக்குப் புதிதா? இங்கேயே ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கிறது. காயின் பருமனையும் பச்சையையும் வியாபாரிகள் மாதிரியில் பார்த்துக்கொள்கிறார்கள். திரையில் விலை ஏறி நின்றதும் அடுத்த லாட். போன லாட்டைத் திறந்து பேசலாம் என்று யாரும் எழுந்திருப்பதில்லை. கோடிக்கணக்கான ரூபாய்ச் சரக்கில் நம் ஊர்க்காரர்கள் காட்டும் அந்தக் கட்டுப்பாட்டைத்தான் மைதானத்திலும் கேட்கிறேன்.

அடுத்து, அம்பயர் யார் என்பது. பேட்டிங் டீமிலிருந்தே இரண்டு பேர் நிற்கும் வழக்கம் தெருவில் ஆடும்போது சரி. பணம் கட்டி ஆடும் தொடரில் அது கூடவே கூடாது. டெஸ்ட் கிரிக்கெட்டே இதில் நூறு வருடம் சண்டை போட்டிருக்கிறது. உள்நாட்டு அம்பயர்கள் உள்நாட்டுக்குச் சாய்கிறார்கள் என்ற புகார் ஓயாமல் இருந்தபோது, 1986இல் லாகூரில் பாகிஸ்தான், மேற்கிந்தியத் தீவுகள் ஆடிய டெஸ்டுக்கு நம் நாட்டின் வி.கே. ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் போய் நின்றார்கள். அங்கிருந்துதான் நடுநிலை அம்பயர் வழக்கம் வளர்ந்தது. நம் தொடரில் இதற்குச் செலவே இல்லை. அன்று ஆட்டம் இல்லாத டீமிலிருந்து இரண்டு பேர் நிற்கட்டும். அவர்களுக்கு ஒரு தொகையை நுழைவுக் கட்டணத்திலிருந்தே எடுத்து வையுங்கள். ஸ்பீக்கர் செட்டுக்குக் கொடுக்கிறோம், ஷாமியானாவுக்குக் கொடுக்கிறோம். நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவனுக்கு ஒரு டீயும் வசவும் மட்டும் கொடுப்பது நமக்கு அழகில்லை.

அவன் தப்பு செய்வான். உலகத்தின் பெரிய அம்பயர்களும் செய்தார்கள். 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில் அர்மாண்டோ கலாராகா என்பவர் பேஸ்பாலின் அபூர்வ சாதனைக்கு ஒரே ஒரு அவுட் தூரத்தில் இருந்தார். எதிரணியில் ஒருவரைக்கூட பேஸை அடைய விடாமல் 26 பேரை வெளியேற்றியிருந்தார். 27ஆவது ஆள் முதல் பேஸுக்கு ஓடினார். தெளிவான அவுட். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் ‘சேஃப்’ என்று கையை விரித்தார். கலாராகா ஒரு புன்னகையோடு திரும்பிப் போய் அடுத்த பந்தை எறிந்தார். ஆட்டம் முடிந்து வீடியோ பார்த்த ஜாய்ஸ் கலங்கிப் போய், தன் தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். மறுநாள் அதே மைதானத்தில் அவரே அம்பயர். தங்கள் டீமின் பெயர்ப் பட்டியலை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவர் கலாராகாதான். ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கூட்டம் கை தட்டியது. அந்தத் தீர்ப்பை யாரும் மாற்றவில்லை. ஆனால் 2014இல் இப்படிப்பட்ட தீர்ப்புகளை வீடியோவில் சரிபார்க்கும் விதி வந்தது. நம் பையன் ஒருவன் தவறாக அவுட் கொடுத்தால் மறுநாளும் அவனை நிற்கச் சொல்லும் ஊராக நாம் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கடிகாரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2023 நவம்பர் 6 அன்று டெல்லியில் உலகக் கோப்பை ஆட்டத்தில் இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் ஒரு பந்துகூட ஆடாமல் ‘டைம்டு அவுட்’ ஆனார். சர்வதேச கிரிக்கெட்டில் அதுவே முதல் தடவை. இரண்டு நிமிடத்துக்குள் அடுத்த பந்தை ஆடத் தயாராக வேண்டும் என்பது அந்தத் தொடரின் விதி. அவருடைய ஹெல்மெட் வார் அறுந்துவிட்டது. பங்களாதேஷ் கேப்டன் ஷாகிப் கேட்டார், அம்பயர்கள் விதிப்படி கொடுத்தார்கள். விதி விதிதான். ஆனால் வேண்டுமென்றே இழுத்தடிப்பவனையும் வார் அறுந்தவனையும் ஒரே தராசில் வைக்காதபடி நம் விதியை எழுதிக்கொள்வது நம் கையில் இருக்கிறது. இடைஞ்சல் நேர்ந்தால் உடனே அம்பயரிடம் சொல்லிவிட்டால் கடிகாரம் நிற்கும் என்று ஒரு வாசகம் சேர்த்தால் போதும்.

எட்டு ஓவர் ஆட்டத்தில் ஓவருக்கு 4 நிமிடம் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 64 நிமிடம், நடுவில் ஒரு 6 நிமிடம். ஒரு ஆட்டம் 70 நிமிடத்தில் முடிந்துவிடும். நேரத்துக்குள் முடிக்காத டீம், மிச்ச ஓவர்களைப் பவுண்டரியில் ஒரு ஃபீல்டரைக் குறைத்துக்கொண்டு போடட்டும். சர்வதேச டி20 ஆட்டங்களில் 2022 முதல் இப்படித்தான். ஓவருக்கும் ஓவருக்கும் நடுவில் 60 விநாடிக் கடிகாரமும் அங்கே ஓடுகிறது. இரண்டு எச்சரிக்கைக்குப் பிறகு 5 ரன் தண்டம். நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஆடி மாதத்தில் ஆட்டம் வைத்தால் மட்டும் வேறு கணக்கு. கணவாய் வழியே இறங்கும் காற்றில் டென்னிஸ் பந்து எங்கே போகும் என்று போடுகிறவனுக்கே தெரியாது, வைட் மேல் வைட் விழும். காற்றுக் காலத்தில் வைட் கோட்டை ஒரு சாண் தள்ளிப் போட்டால் பாதி நேரம் மிச்சம்.

“சண்டை இல்லாத மேட்ச் ஒரு மேட்சா?” என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சுவை எனக்கும் பிடிக்கும். எந்தக் காலத்திலோ நடந்த ஒரு ரன் அவுட்டை டீக்கடையில் இன்றைக்கும் நேற்று நடந்தது போலப் பேசும் ஆட்கள் நாம், அந்தப் பேச்சில்தான் ஆட்டம் உயிரோடு இருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு பேசுவோம், விடிய விடிய பேசுவோம். ஆட்டத்துக்கு நடுவில் பேசுகிற ஒவ்வொரு நிமிடமும் அடுத்து ஆடக் காத்திருக்கும் டீமின் நேரம்.

கமிட்டி அண்ணன்மார்களே, அடுத்த நோட்டீஸில் ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’ என்பதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் அச்சடியுங்கள். கேப்டன் மட்டுமே அம்பயரிடம் பேசலாம். ஒரு இன்னிங்ஸில் ஒரு முறை, 15 விநாடிக்குள் கேட்கலாம். இரண்டு அம்பயரும் கலந்து சொன்ன பிறகு பேச்சில்லை. பார்வையாளர் பிட்சுக்குள் வந்தால் அவர் ஆதரிக்கும் டீமுக்கு 5 ரன் குறையும். மலையிலிருந்து வரும் டீம்களுக்கு முதல் ஆட்டத்தையும், அவர்கள் ஜெயித்தால் அதற்கடுத்து அவர்களுக்கு உள்ள ஆட்டத்தையும் மூன்று மணிக்குள் வைத்துவிடுங்கள். வெளிச்சம் போய் ஆட்டம் நின்றால் வாக் ஓவர் வேண்டாம், இரண்டு டீமும் ஒத்துக்கொள்ளும் இன்னொரு ஞாயிறு முடித்துக்கொள்ளலாம்.

நேரம் பார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். ஸ்கோர் மேசையில் ஒரு கடிகாரமும் ஒரு விசிலும் வைத்துக்கொள்வேன், ஓவர் முடிந்த நேரத்தைப் புத்தகத்தில் ரன்னுக்குப் பக்கத்திலேயே எழுதுவேன். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். குலுக்கல் நடக்கும் அன்று இதைப் பேசுவதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மேலே இருக்கும் டீம்களுக்கும் அன்றைக்கே தகவல் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்கோரர்,
போடிநாயக்கனூர்.